கருகிய கறுப்புப் பெட்டியிலிருந்து தகவல் எடுப்பது எப்படி?

கறுப்புப் பெட்டி கறுப்பு இல்லை. சிதைவுகளுக்கு நடுவே கண்ணில் படணும் என்பதற்காக ஆரஞ்சு நிறம். 1,100 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை ஒரு மணி நேரம் தாங்கும்படி செய்யப்படுவது. அப்படியும் அகமதாபாத்தில் ஒன்று கைவிட்டது.

2025 ஜூன் 12-ல் விழுந்த ஏர் இந்தியா 171 விமானத்தில் இரண்டு பெட்டிகள். பின்பக்கப் பெட்டி மறுநாளே ஒரு கட்டட மாடியில் கிடைத்தது. ஆனால், உள்ளே நினைவக அட்டை வரை சேதம். 16-ம் தேதி கிடைத்த முன்பக்கப் பெட்டியும் கருகித்தான் இருந்தது. கவசத்துக்குள் நினைவகம் மட்டும் பிழைத்திருந்தது.

செத்துப்போன செல்போனின் மெமரி கார்டை வேறு போனில் போட்டுப் பார்ப்போம் இல்லையா? ஏறக்குறைய அதேதான். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்திடமிருந்து அதே ரகப் பெட்டியும் கேபிள்களும் டெல்லிக்கு வந்தன. அதில் பொருத்தியதும் சுமார் 49 மணி நேரத் தகவலும் 2 மணி நேர ஒலிப்பதிவும் கிடைத்தன. புறப்பட்ட சில நொடிகளில் இரண்டு எரிபொருள் சுவிட்சுகளும் 'கட்ஆஃப்' நிலைக்குப் போனது அப்படித்தான் தெரிந்தது. ஏன் போனது என்பதற்கு முதற்கட்ட அறிக்கையில் பதில் இல்லை.

கடலில் விழுந்தால் கதையே வேறு. 2015 ஜூனில் சென்னையிலிருந்து கிளம்பி மாயமான கடலோரக் காவல்படை டோர்னியரின் பெட்டி, அடுத்த மாதம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் கிடைத்தது. இப்படி எடுக்கும் பெட்டியைத் துடைத்துக் காயவைக்கக் கூடாது. நல்ல தண்ணீரில் மூழ்கவைத்தே கொண்டுபோகணும். காற்றுப்பட்டால் உப்பு சர்க்யூட்டை அரித்துவிடும். விரிஞ்சிபுரம், ஆம்பூர் பக்கம் இதை விளக்கவே வேண்டாம். உப்புத் தோலை முதலில் தண்ணீரில் ஊறப்போடுவது எதற்கு என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். ஆய்வகத்தில் போர்டைக் கழுவி, மெதுவாக உலர்த்திய பிறகுதான் மின்சாரம் கொடுப்பார்கள். ஈரத்தோடு கொடுத்தால் ஷார்ட் ஆகி, மிச்சமிருந்த பதிவும் போயிடும்.