வாட்டர்லூவின் ஓசை

கோட்டுக் காலர் மஞ்சளா, பச்சையா? 1815-ல் வாட்டர்லூவில் நின்ற ஒரு பிரிட்டிஷ் ரெஜிமென்ட்டைக் கணினித் திரையில் நிறுத்த, இந்தக் கேள்விக்கு விடை தேடி மாலைப்பொழுதுகளைச் செலவழிக்கிறவர்கள் இருக்கிறார்கள். சம்பளம் கிடையாது. செய்து முடித்ததை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். நெப்போலியன் காலப் போர் ஆட்டங்களுக்கு 'மோட்' செய்யும் ரசிகர்கள் இவர்கள். ஆட்டத்தின் விதிகளை இவர்களில் பலர் தொடுவதில்லை. திரையில் தெரிவதையும் ஒலிபெருக்கியில் கேட்பதையும் மாற்றுகிறார்கள். அவ்வளவுதான் என்று தோன்றும். ஆனால் அந்த வேலைக்குள் வரலாற்று ஆராய்ச்சி நிறைய இருக்கிறது.

1996-ல் டாலன்சாஃப்ட் வெளியிட்ட 'பேட்டில்கிரவுண்ட்: வாட்டர்லூ' அறுகோணக் கட்டங்களின் மேல் ஆடுவது. அதை உருவாக்கிய ஜான் டில்லர் பிறகு நெப்போலியன் போர்களுக்கென்றே ஒரு வரிசையை வளர்த்தார். 2021-ல் அவர் மறைந்த பின்னும் அந்த வரிசை தொடர்கிறது. இந்த ஆட்டங்களில் படங்கள் பிஎம்பி கோப்புகளாகவும் ஒலிகள் வேவ் கோப்புகளாகவும் கிடக்கும். பழைய கோப்பை எடுத்துவிட்டு, அதே பெயரில், அதே அளவில் புதியதை வைத்தால் ஆட்டம் அதை ஏற்றுக்கொள்ளும். வாசல் இவ்வளவு எளிதாகத் திறந்திருந்ததால்தான் ஓவியம் தெரிந்தவரும் இராணுவ வரலாறு படித்தவரும் உள்ளே வர முடிந்தது. 2010-ல் வந்த 'நெப்போலியன்: டோட்டல் வார்' முப்பரிமாண ஆட்டம். அதில் ஒவ்வொரு வகைச் சிப்பாயின் உடைக்கும் தனி வண்ணப்படலம் வரைய வேண்டும். 'டோட்டல் வார்' வரிசைக்கு 'டார்த்மோட்' செய்த நிக் தோமாடிஸ் பின்னர் சொந்தமாகவே 'அல்டிமேட் ஜெனரல்: கெட்டிஸ்பர்க்' என்ற ஆட்டத்தை 2014-ல் கொண்டுவந்தார்.

சீருடைக்குச் சான்றுகள் ஏராளம். 44-ஆம் ரெஜிமென்ட்டுக்கு மஞ்சள் காலர், 69-ஆவதற்குப் பச்சை. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையில் இருந்து, பதினாறு ஆண்டுகள் கழித்து வாட்டர்லூவிலும் நின்ற 33-ஆவதற்குக் கோட்டும் சிவப்பு, காலரும் சிவப்பு. பிரெஞ்சுக்காரர்களின் நீலத்துக்கும் ஒரு கதை உண்டு. பிரிட்டிஷ் கடல் முற்றுகையால் அவுரிச் சாயத்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது, 1806-ல் சில ரெஜிமென்ட்டுகளுக்கு வெள்ளைக் கோட்டு தைத்தார்கள். அடுத்த ஆண்டே அந்த முடிவைக் கைவிட்டார்கள். கொடியிலும் கவனம் வேண்டும். 1804 மாதிரிப் பிரெஞ்சுக் கொடியில் நடுவே வெள்ளைச் சாய்சதுரம், மூலைகளில் சிவப்பும் நீலமும். நெட்டாக மூன்று பட்டைகள் கொண்ட கொடி 1812-ல்தான் வந்தது. அதை 1805-ன் ஆஸ்டர்லிட்ஸ் களத்தில் ஏற்றிவைத்தால், விவரம் தெரிந்தவர் உடனே பிடித்துவிடுவார்.

இருந்தாலும் எனக்கு ஒரு மனக்குறை. மிக அழகான மோட்கள்தான் பல சமயம் உண்மைக்கு மிகத் தூரத்தில் இருக்கின்றன. வாட்டர்லூவுக்கு முந்தைய இரவு முழுக்க மழை. வயலிலும் சேற்றிலும் படுத்து எழுந்த பிரெஞ்சுச் சிப்பாய்களில் பலர் நீண்ட மேலங்கியோடுதான் போரிட்டார்கள். பிரிட்டிஷார் தொப்பிகளின் மேல் எண்ணெய்த்துணி உறை போட்டிருந்தார்கள். அணிவகுப்பு மைதானத்துப் பளபளப்பை அந்தச் சேற்றில் நிறுத்துவது சரியல்ல. கோட்டின் நிறத்தை மங்கலாக்கி, முழங்கால் வரை சேறு பூசும் மோடரையே நான் பெரிதாக மதிப்பேன்.

ஒலிக்கு வந்தால் நிலைமை வேறு. சீருடையை அருங்காட்சியகத்தில் வைக்கலாம். ஒலிப்பதிவு என்பதே இல்லாத காலத்துப் பீரங்கி முழக்கத்தை எங்கே வைப்பது? முரசடிகளுக்கு இசைக்குறிப்பு இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் தாக்க வரும்போது அடித்த 'பா த ஷார்ஜ்' தாளத்தை இன்றும் வாசிக்க முடியும். மற்றதைப் புதிதாக உண்டாக்கத்தான் வேண்டும்.

மஸ்கட் துப்பாக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். விசையை இழுத்ததும் சிக்கிமுக்கிக் கல் எஃகில் மோதி 'டக்' என்னும். பக்கத்துக் கிண்ணியில் மருந்து 'புஸ்' என்று பற்றும். அதன் பிறகே குழலுக்குள் இருப்பது வெடிக்கும். அருகில் நிற்பவருக்கு இந்தக் கணநேர இடைவெளி தெரியும். ஒற்றை 'டுமீல்' வைத்தால் அது இந்தக் காலத்துத் துப்பாக்கி ஆகிவிடும். ஐந்நூறு பேர் ஒன்றாகச் சுட்டாலும் ஒரே வெடியாகக் கேட்காது, கோணித்துணியைக் கிழிப்பதுபோல் நீளும். ஒரே பதிவைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டால் காது மூன்றாவது முறையிலேயே கண்டுபிடித்துவிடும். ஆகவே நல்ல மோடர்கள் பல பதிவுகளைச் சிறிது ஏற்றியும் இறக்கியும் கலக்கிறார்கள். போரை மறுபடி நடித்துக் காட்டும் விழாக்களில் பதிவு செய்யலாம்தான். 2015-ல் வாட்டர்லூவின் இருநூறாவது ஆண்டுக்குச் சுமார் 5000 பேர் சீருடையில் திரண்டார்கள். ஆனால் அங்கே சுடுவது வெற்று மருந்து, குண்டு கிடையாது. குண்டு காற்றைக் கிழிக்கும் ஓசையும் ஈர மண்ணில் புதையும் ஓசையும் அதில் வராது.

தூரமும் ஒரு கணக்கு. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 700 மீட்டருக்கு அப்பால் பீரங்கி சுட்டால், வெண்புகை எழுந்து இரண்டு நொடி கழித்தே முழக்கம் வந்து சேரும். கூர்மையான ஒலி வழியிலேயே தேய்ந்து, அடிவயிற்றில் உணரும் உறுமல் மட்டும் மிஞ்சும். பல ஆட்டங்களில் புகையும் சத்தமும் ஒரே நேரத்தில் வருகின்றன. இதைச் சரிசெய்யும் ஒரு மோட், நூறு புதுச் சீருடைகளைவிட என்னைக் களத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோகும்.

ரசிகர்களின் 'மவுண்ட் அண்ட் மஸ்கட்' மோடிலிருந்து 2012-ல் அதிகாரப்பூர்வ வெளியீடாக வளர்ந்த 'நெப்போலியனிக் வார்ஸ்' ஆட்டத்தில் முரசும் குழலும் வாசிக்கும் வேடத்தையே ஒருவர் எடுத்துக்கொள்ளலாம். துப்பாக்கியை விட்டுவிட்டு அதை விரும்பி எடுப்பவர்களும் இருக்கிறார்கள்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது: மனிதக் குரல். வாட்டர்லூவில் பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனிடம் இருந்த ஏறத்தாழ 68,000 பேரில் பிரிட்டிஷார் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகம். மற்றவர்கள் ஹனோவர், பிரன்ஸ்விக், நாசாவ் ஜெர்மானியர்கள், நெதர்லாந்துக்காரர்கள், இன்றைய பெல்ஜியத்தைச் சேர்ந்தவர்கள். அவர்கள் நின்ற மேட்டில் ஜெர்மன், டச்சு, பிரெஞ்சு மூன்றும் பேசப்பட்டன. ஆட்டங்களிலோ அங்கே பெரும்பாலும் ஆங்கிலம்தான் கேட்கிறது. காலரின் நிறத்துக்கு அத்தனை மாலைகளைக் கொடுப்பவர்கள், அடுத்ததாக ஒலிவாங்கியோடு ஒரு ஜெர்மன்காரரையும் ஒரு டச்சுக்காரரையும் தேடிப் போக வேண்டும். அவர்கள் பேசிப் பதிந்த சில வேவ் கோப்புகள் போதும், வேலையைத் தொடங்கிவிடலாம்.