ஊளை டயரில் வருதா, பேரிங்கில் வருதா?

காரமடைப் பக்கம் பிக்கப்புக்கு ஓய்வே கிடையாதுங்க. இன்னைக்கு கறிவேப்பிலைக் கட்டு, நாளைக்கு கோத்தகிரிக் காய்கறி. எங்க வண்டியில் முன்பக்கம் "ஊம்ம்" என்று ஒரு ஊளை ஆரம்பிச்சப்ப, டயர்தான்னு ஒருத்தர் சொன்னார். ரெண்டு டயர் மாத்தினேன். காசு போச்சு, ஊளை போகலை.

டயர் சத்தம் ரோட்டுக்கு ரோடு மாறும். தார் ரோட்டில் ஒரு மாதிரி, கான்கிரீட்டில் வேற மாதிரி. பேரிங் சத்தத்துக்கு ரோடு பெருசில்லை, வேகம்தான் கணக்கு. நியூட்ரலில் விட்டாலும் நிற்காது. காலி ரோட்டில் மெதுவா இடப்பக்கம் வளைச்சுப் பாருங்க. பாரம் வலப்பக்கச் சக்கரத்துக்குப் போகும். அப்ப ஊளை ஏறினால் பெரும்பாலும் வலது பேரிங். எங்களுக்கு அப்படித்தான் தெரிஞ்சது.

அப்பறம் ஜாக்கி போட்டு, ஸ்டாண்டும் வச்சு, சக்கரத்தை மேலேயும் கீழேயும் பிடிச்சு ஆட்டணும். ஆட்டம் இருந்தால் ஒருத்தரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்க. ஆட்டம் நின்னுட்டா பேரிங். நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட்டைப் பார்க்கணும். பக்கவாட்டில் மட்டும் ஆடினால் அது ஸ்டீயரிங் ராடு சமாச்சாரம்.

நான் சொல்றது முன் ஹப்பில் உள்ளே ஒண்ணு, வெளியே ஒண்ணு என்று டேப்பர் ரோலர் பேரிங் இருக்கிற வண்டிக்கு. அமெரிக்காவில் குதிரை வண்டி செஞ்சுக்கிட்டிருந்த ஹென்றி டிம்கன் 1898ல் காப்புரிமை வாங்கின அமைப்பு அது. பாரமும் தாங்கணும், வளைவில் பக்கவாட்டுத் தள்ளலும் தாங்கணும். சாய்வான ரோலர் ரெண்டையும் தாங்கும். (ஹப்போடு சேர்த்து சீல் பண்ணி வர்ற வண்டிக்கு முழு யூனிட்டையே மாத்தணும்.)

பழசைக் கழட்டி டீசலில் கழுவினால் தெரியும். எங்களதில் கப்பில் சின்னச் சின்னப் பொத்தல், ரோலரில் நீலம் பாய்ஞ்சிருந்தது. சூட்டில் வெந்த அடையாளம். ரோலரை மட்டும் மாத்தி கப்பை விட்டுட்டா புதுசும் சீக்கிரம் போயிரும். கப்பைப் பித்தளைக் கம்பியால் மாத்தி மாத்தி தட்டி எடுக்கணும். புதுசு கோணாமல் இறங்கி அடியில் உட்கார்ந்ததும் தட்டுற சத்தமே மாறும். உள்ளங்கையில் கிரீஸ் வச்சு, பெரிய பக்கத்தை அழுத்தி அழுத்தித் திணிக்கணும், ரோலர் இடுக்கில் மறுபக்கம் பிதுங்கி வர்ற வரைக்கும். ஆயில் சீல் புதுசு போடுங்க. கிழிஞ்ச சீல் வழியா கிரீஸ் பிரேக்கில் இறங்கினால் கோத்தகிரி இறக்கத்தில் என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்லை.

எல்லாம் சரியா செஞ்சுட்டு நட்டில்தான் கெடுப்பாங்க. "நல்லா டைட் வைங்க, லோடு வண்டி" என்று சொல்றது நம்ம ஊர் வழக்கம். இறுக்கினால் பேரிங் சுத்த இடமில்லாமல் வெந்துரும். ஹப்பைச் சுத்திக்கிட்டே நட்டை இறுக்கி ரோலரை உட்கார வைக்கணும். பிறகு தளர்த்தி, மறுபடி கையால் மட்டும் இறுக்கணும். வண்டி மேனுவலில் அளவு இருந்தால் அதுதான் முடிவு. ஸ்பிளிட் பின் ஓட்டை நேர் வரலையா, தளர்த்தி நேராக்குங்க, இறுக்கி அல்ல. பின்னும் புதுசுதான்.

பத்து கிலோமீட்டர் ஓட்டி ஹப்பைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்புதான். கை வைக்க முடியாத சூடு என்றால் நட்டு இறுக்கம், திரும்பக் கழட்டணும். நாலு நாள் லோடு ஓடினதும் இன்னொரு தடவை ஜாக்கி போட்டு ஆட்டிப் பார்த்தேன். துளி ஆட்டம் வந்திருந்தது, சரி பண்ணினேன்.