லயத்து முற்றமே முதல் பள்ளிக்கூடம்



ஒரு நாள் மாலை, பள்ளிக்கூட வாசலில் ஒரு தாய் என்னிடம் வருத்தத்தோடு பேசினார். "சார், டவுன் பிள்ளைகளுக்கு எத்தனையோ விளையாட்டுச் சாமான் இருக்கு. என் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்க வசதி இல்லை. நானே சொல்லிக் கொடுக்கலாம் என்றால், எனக்கு என்ன தெரியும்? மரம் வெட்டத்தான் தெரியும்" என்றார். இந்தக் கவலை அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. தோட்டத்தில் வாழும் பெற்றோர் பலரின் மனத்தில் இது இருக்கிறது. ஆகவே, அவருக்குச் சொன்ன பதிலையே இன்று உங்கள் எல்லோருக்கும் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் என்னுடைய தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முதலாம் ஆண்டு வகுப்பில் ஒரு சிறுவன் இருந்தான். ஆப்பிள் படத்தைக் காட்டி எண்ணச் சொன்னால் எண்ணமாட்டான். கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்வான். "இவன் கொஞ்சம் மந்தம்" என்று நான் முடிவு கட்டிவிட்டேன். ஒரு நாள் நல்ல வெயில் நேரத்தில் வெளியே 'பட்' என்று ஒரு சத்தம். தொடர்ந்து கூரையில் ஏதோ விழுந்து உருண்டது. அவன்தான் முதலில் வாய் திறந்தான்: "சார், கொட்டை வெடிக்குது!" பிறகு, கேட்காமலேயே தன் காற்சட்டைப் பையிலிருந்த ரப்பர் கொட்டைகளை மேசைமேல் கொட்டி மூன்று குவியலாகப் பிரித்தான். "இது பழைய காட்டு மரம், இது ஆற்றோரத்து மரம், இது நம்ம பள்ளிக்கூடத்து மரம்" என்றான்.

அவன் சொன்னது சரி. ரப்பர் கொட்டையின் மேலோடு தாய்மரத்தின் பகுதியிலிருந்து உண்டாவது. அதனால் ஒரு மரத்துக் கொட்டைகளின் வடிவமும் மேலே உள்ள புள்ளிக் கோலமும் ஒன்றுபோலவே இருக்கும். இந்தத் தொழிலில் தேர்ந்தவர்கள் கொட்டையைப் பார்த்தே மரத்தின் இனத்தைச் சொல்லுவார்கள். உற்றுநோக்குதல், ஒப்பிடுதல், வகைப்படுத்துதல் என்று நாங்கள் பயிற்சிக் கல்லூரியில் படித்த மூன்றையும் அந்தச் சிறுவன் தானாகவே கற்றிருந்தான். அவன் அறிந்ததைக் கேட்க எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

நேயர்களே, இதுதான் இன்றைய பேச்சின் கருத்து. தனக்குத் தெரிந்தது எதுவும் படிப்பில் சேராது என்ற எண்ணத்தோடு பள்ளிக்கு வரும் குழந்தை வாய் திறக்காது. தான் கண்டதும் தொட்டதும் மதிக்கத்தக்கவை என்று உணர்ந்து வரும் குழந்தை தைரியமாகப் பேசும். அந்தத் தைரியத்தைப் பள்ளிக்கு அனுப்பும் முன்பே நீங்கள் கொடுக்கலாம். அதற்குப் பணம் வேண்டாம். லயத்து முற்றமும், நாளுக்கு இருபது நிமிடமும் போதும்.

விளையாட்டு வீண் பொழுது என்று சிலர் எண்ணுகிறார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2019-ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டியில், 3, 4 வயதுக் குழந்தைகள் நாளொன்றுக்கு 180 நிமிடமாவது உடலை அசைத்து விளையாட வேண்டும். அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி ஓடியாட வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. கைத்தொலைபேசி, தொலைக்காட்சி பார்ப்பது ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்றும், இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்கு அது அறவே வேண்டாம் என்றும் கூறுகிறது. குழந்தை அழுதால் கைத்தொலைபேசியைக் கையில் கொடுத்துவிடும் வழக்கம் இன்று தோட்டத்திலும் வந்துவிட்டது. அழுகை நிற்கும், ஆனால் கைக்கும் காலுக்கும் வேலை இராது.

இனி, என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

முதலாவது, ரப்பர் கொட்டை. காய்ந்த காய் ஒன்றைத் தேடி எடுத்துவரச் சொல்லுங்கள். அதில் மூன்று அறை இருக்கும். அறைக்கு ஒரு கொட்டை. வெயிலில் காய்ந்து இறுகும்போது அந்த ஓடு வெடித்துக் கொட்டையைப் பல அடி தூரத்துக்கு வீசுகிறது. "ஏன் தூர வீசுகிறது?" என்று குழந்தையைக் கேளுங்கள். எல்லாம் தாய்மரத்தின் காலடியிலேயே விழுந்தால் கன்றுகளுக்கு வெளிச்சம் ஏது, இடம் ஏது? இதைக் குழந்தை தானாகவே கண்டுபிடிக்கட்டும்.

பொறுக்கிய கொட்டைகளை மரவாரியாகப் பிரிக்கலாம். ஒரே இன ஒட்டுமரங்கள் நட்ட காட்டில் எல்லாக் கொட்டைகளும் ஒன்றுபோல் இருக்கும். ஆகவே வெவ்வேறு இடங்களில் பொறுக்குவது நல்லது. பிறகு மண்ணில் இரண்டு வரிசையாக, வரிசைக்கு 7 குழி தோண்டி, குழிக்கு 5 கொட்டை போட்டால் பல்லாங்குழி தயார். மொத்தம் 70 கொட்டை. மலாய்க்காரப் பிள்ளைகள் இதற்கு ஒப்பான ஆட்டத்தைச் சோங்காக் என்று ஆடுகிறார்கள். இரு வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்தே ஆடலாம். கூட்டலும் கழித்தலும் கைவழியே மனத்தில் ஏறும். கொட்டையைச் சிமெண்டுத் தரையில் பரபரவென்று தேய்த்துத் தொட்டால் சுடும். உராய்ந்தால் வெப்பம் பிறக்கும் என்ற பாடம் இது.

ஓர் எச்சரிக்கை. பச்சை ரப்பர் கொட்டையின் பருப்பில் சயனைட் நஞ்சை உண்டாக்கும் பொருள் உண்டு. வாயில் வைக்க விடக்கூடாது. 3 வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கொட்டை தொண்டையில் அடைக்கும். அவர்களுக்குத் தேங்காய்ச் சிரட்டையும் மணலுமே போதும்.

இரண்டாவது, இலை. ரப்பர் மரத்தில் ஒரு காம்பில் மூன்று இலை சேர்ந்து நிற்கும். பத்துக் காம்புகளை அடுக்கினால் மூன்றாம் வாய்ப்பாடு முடிந்துவிடும். ஆண்டின் தொடக்க மாதங்களில் இலை பழுத்து உதிரும் காலத்தில், பச்சை, மஞ்சள், செம்பு, பழுப்பு என்று நிறவாரியாக வரிசை வைக்கலாம். முற்றிய இலைகளை மூடியுள்ள போத்தலில் தண்ணீர் ஊற்றி, மூடியை இறுக்கி, சில வாரம் ஊறவிடுங்கள். சதை அழுகிக் கழிந்ததும் பழைய பல்துலக்கியால் மெதுவாகத் தேய்த்து அலசினால் வலை போன்ற நரம்பு மட்டும் நிற்கும். அதன்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் நரம்பின் படம் எழும்பும். பென்சில் பிடிக்கும் விரல்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி எது?

மூன்றாவது, தொட்டாற்சிணுங்கி. இலையைத் தொட்டால் அதன் அடியிலுள்ள சிறு முடிச்சிலிருந்து நீர் விலகுவதால் இலை மடங்குகிறது. மீண்டும் விரிய ஏறத்தாழ பத்து நிமிடம் முதல் அரைமணி வரை ஆகலாம். "விரியும்வரை பார்த்துக்கொண்டிரு" என்று சொல்லிப் பாருங்கள். ஓடித் திரியும் குழந்தை அமைதியாக உட்கார்ந்து கவனிக்கும். இருட்டிய பிறகு விளக்கோடு அழைத்துச் சென்று காட்டுங்கள். யாரும் தொடாமலேயே மடங்கியிருக்கும். முள் உண்டு, விரல் பத்திரம்.

செம்பனைத் தோட்டத்தில் இருப்பவர்கள் மனம் தளர வேண்டாம். மட்டை வெட்டிய அடிகள் மரத்தில் வரிசையாக நிற்பதைப் பாருங்கள். அவை ஏணிபோல் நேராக ஏறாமல் மரத்தைச் சுற்றிக்கொண்டு ஏறும். விரலை வைத்துத் தொடர்ந்தால் பக்கம் பக்கமாக 8 வரிசைகளை எண்ணலாம். சில மரங்களில் அவை வலப்பக்கமும் சில மரங்களில் இடப்பக்கமும் சுற்றும். "இந்த மரம் வலமா, இடமா?" என்று கேட்டுக்கொண்டே சடக்கோரமாக நடந்தால், வலம் இடம் தெரியாத குழந்தைக்கும் அது தெரிந்துவிடும். குலை வெட்டும் நேரத்தில் மட்டும் அப்பக்கம் போகக்கூடாது.

நான்காவது, நிழல். முற்றத்தில் ஒரு குச்சியை நட்டு, மணிக்கு ஒரு முறை நிழலின் நுனியில் கல் வைக்கச் சொல்லுங்கள். நிழல் மிகக் குறுகுவது பகல் 12 மணிக்கு அன்று. ஒன்றேகால் மணியை ஒட்டியே குறுகும். 1982-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரைமணி முன்னே தள்ளி, சபா, சரவாக் நேரத்தோடு இணைத்துக்கொண்டது. நம் கடிகாரம் சூரியனை முந்திச் செல்வதைக் குச்சியும் கல்லும் காட்டிவிடும்.

ஓடியாடும் விளையாட்டுகளை நான் சொல்ல வேண்டியதில்லை. நொண்டி, சடுகுடு, கண்ணாமூச்சி, பச்சைக்குதிரை, ரப்பர் வளையக் கயிறு தாண்டுதல் எல்லாம் நீங்கள் ஆடியவை. 2, 3 வயதுக் குழந்தைக்குத் தரையில் கோடு கிழித்து, அதன்மேல் தடுமாறாமல் நடக்கச் சொல்லுங்கள். சிறு வாளியில் தண்ணீர் சுமந்து கீரைப்பாத்திக்கு ஊற்றச் சொல்லுங்கள். நொண்டியாடும் கால் உடலை நிறுத்தப் பழகுகிறது; அப்படி நிற்கத் தெரிந்த உடலுக்குப் பள்ளியில் நிமிர்ந்து உட்கார்ந்து எழுதுவதும் எளிது.

வாரம் ஒரு முறை ஆட வேண்டிய ஆட்டம் ஒன்று உண்டு. அதற்குத் 'தண்ணீர் வேட்டை' என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். ஆகவே ஞாயிறுதோறும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். சிரட்டை, பழைய டயர், உடைந்த பால் மங்கு, பூச்சட்டித் தட்டு எதில் தண்ணீர் தேங்கியிருக்கிறது என்று கண்டுபிடிப்பவருக்கு ஒரு புள்ளி. கவிழ்த்துக் கொட்டினால் இன்னொரு புள்ளி. டிங்கிக் காய்ச்சலை விரட்டும் வேலையும் இதில் அடங்கும்.

வேறு சில காவல்களும் அவசியம். மருந்து அடித்த காட்டுக்குள் பிள்ளைகளை விடாதீர்கள்; காலி மருந்துப் புட்டிகள் எந்த விளையாட்டுக்கும் ஆகா. காலணி இல்லாமல் புதருக்குள் போகக்கூடாது. எலியின் சிறுநீர் கலந்த நீரால் எலிக்காய்ச்சல் வரும். ஆகவே கால்வாயிலும் தேங்கிய குட்டையிலும் இறங்க விடக்கூடாது. விளையாடி முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பெரியவர் ஒருவரின் கண் எப்போதும் இருக்க வேண்டும்.

"விடியற்காலையில் எழுந்து வேலைக்குப் போய் வந்த களைப்பில் இதற்கெல்லாம் நேரம் ஏது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அதனால்தான் இருபது நிமிடம் என்றேன். வாசற்படியில் உட்கார்ந்து காலை நீட்டியபடியே கேட்கலாம். தாய்க்கு முடியாத நாளில் தகப்பனார் உட்காரட்டும். பாட்டி, தாத்தா இருந்தால் அவர்களைவிடச் சிறந்த ஆசிரியர் இல்லை. நீங்கள் விடை சொல்ல வேண்டியதில்லை. "என்ன பார்த்தாய்? நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன மாறியிருக்கிறது? ஏன் என்று நினைக்கிறாய்?" என்ற மூன்று கேள்விகள் போதும். விடை உங்களுக்கே தெரியாவிட்டால், "வா, சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லுங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

இன்னொன்றையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். 1877-ஆம் ஆண்டில் சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவுக்கு வந்து சேர்ந்த 22 ரப்பர் கன்றுகளில் சில கோலகங்சாரில் நடப்பட்டன. அந்தக் காலத்து மரம் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. அந்தச் சில கன்றுகளிலிருந்து நாடு முழுவதும் பரவிய மரத்தைத்தான் நம் பாட்டன்மார் வெட்டினார்கள். அதைத் தெரிந்துகொண்ட பிள்ளை, "என் அம்மா மரம் வெட்டுகிறார்" என்று வகுப்பில் தலைகுனிந்து சொல்லாது.

பள்ளிக்கூட வாசலில் என்னைக் கேட்ட அந்தத் தாயிடம், "எந்த மரத்தில் பால் அதிகம், எந்தப் பட்டை மெல்லியது, மழை எப்போது வரும் என்று உங்களுக்குத் தெரியுமா, அம்மா?" என்று கேட்டேன். "அது தெரியாமல் எப்படி, சார்?" என்று சிரித்தார். "அதைத்தான் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள்" என்றேன்.

இன்று மாலை, அதிகம் வேண்டாம், ஒரே ஒரு கொட்டையையோ ஓர் இலையையோ குழந்தையின் கையில் கொடுத்து, "இது என்ன?" என்று கேட்டுத் தொடங்குங்கள். மற்றதைக் குழந்தையே பார்த்துக்கொள்ளும்.