மயிரிழையில் ஐம்பதில் ஒரு பங்கு

தமிழ்நாட்டின் ஜவ்வாது மலையில், காவலூரில் உள்ள வைணு பாப்பு தொலைநோக்கியின் முதன்மை ஆடி 2.34 மீட்டர் அகலம் கொண்டது. பெங்களூரில் தேய்த்து மெருகேற்றப்பட்ட ஆடி அது. அந்தத் தொலைநோக்கி 1986 ஜனவரி 6ஆம் தேதி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. 1990 ஏப்ரல் 24ஆம் தேதி விண்ணில் ஏவப்பட்ட ஹப்பிள் தொலைநோக்கியின் ஆடி அதைவிட 6 சென்டிமீட்டர்தான் பெரியது. ஆனால், அது அனுப்பிய முதல் படங்கள் மங்கலாக இருந்தன.

இவ்வளவு பெரிய ஆடியின் வளைவு சரியா என்று எப்படிப் பார்ப்பது? அடிக்கோல் உதவாது, ஒளியைக் கொண்டே ஒளியை அளக்க வேண்டும். குளத்தில் கல் எறிந்தால் வட்ட வட்டமாய் அலை பரவுகிறதல்லவா? ஒளிக்கும் அப்படி ஒரு முன்விளிம்பு உண்டு. அதுதான் அலைமுகப்பு. ஆடியில் ஓரிடம் மேடாக இருந்தால், அங்கே பட்ட ஒளி சற்று முந்தித் திரும்பும். ஒளி போய்த் திரும்புவதால், மேட்டின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு பிழை அலையில் தெரியும். லேசர் ஒளியை இரண்டாகப் பிரித்து, ஒன்றை ஆடிக்கு அனுப்பி, மீண்டும் சேர்த்தால், படிவம் 4 இயற்பியலில் படித்த குறுக்கீட்டுக் கோடுகள் தோன்றும். கணினி அவற்றை எண்களாக்குகிறது.

அந்த எண்களை ஒளியியல் வடிவமைப்பு மென்பொருளில் ஏற்றலாம். அங்கே ஏற்கெனவே குறையில்லாத ஆடி ஒரு சமன்பாடாக இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டால், உண்மையான ஆடி நட்சத்திரத்தை எப்படிக் காட்டும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

சிக்கல் இங்கேதான். எண் எந்த அலகில் இருக்கிறது? 633 நானோமீட்டர் சிவப்பு லேசரின் அலைநீளத்திலா, நானோமீட்டரிலா? அது ஆடியின் பிழையா, இரட்டிப்பான அலையின் பிழையா? கூட்டல் குறி மேட்டைக் குறிக்கிறதா, பள்ளத்தையா? படத்தின் மேல்பக்கம் ஆடியின் எந்தப் பக்கம்? இவற்றில் எது தவறினாலும் மென்பொருள் முணுமுணுக்காது. பள்ளத்தை மலையாக்கி அழகாக வண்ணமடித்துத் தரும். சொந்தமாக ஆடி தேய்க்கும் ஆர்வலர்களிடம் ஓர் எளிய தந்திரம் உண்டு. கண்ணாடியில் ஓரிடத்தில் விரலைச் சற்று நேரம் வைத்து எடுப்பார்கள். சூட்டில் அவ்விடம் கொஞ்சம் புடைக்கும். அது சோதனையில் எங்கே, எப்படித் தெரிகிறது என்று பார்த்தால் திசையும் குறியும் விளங்கிவிடும்.

ஹப்பிளில் தவறியது இதைவிட அடிப்படையானது. அளக்கும் கருவியே பிழை. ஆடியின் வளைவைச் சோதிக்க, இரண்டு சிறு ஆடிகளும் ஒரு வில்லையும் கொண்ட துணைக்கருவியை வைத்தார்கள். வில்லையின் இடத்தைக் குறிக்க ஓர் உலோகக் கோல். அதன் நுனியில் பட வேண்டிய லேசர், வண்ணப்பூச்சு உரிந்த மூடியில் பட்டுத் திரும்பியது. வில்லை 1.3 மில்லிமீட்டர் தள்ளிப் பொருத்தப்பட்டது. அந்தக் கருவி சொன்னபடியே ஆடியைத் துல்லியமாக, ஆனால் தவறான வடிவத்தில் தேய்த்து முடித்தார்கள். விளிம்பு 2.2 மைக்ரோமீட்டர் அதிகம் தட்டையானது. மயிரிழையில் ஐம்பதில் ஒரு பங்கு! வேறு இரண்டு சோதனைகள் பிழையைக் காட்டத்தான் செய்தன. அவை துல்லியம் குறைந்தவை என்று ஒதுக்கிவிட்டார்கள். என் பார்வையில், 1.3 மில்லிமீட்டரைவிட இதுதான் பெரிய தவறு.

அந்தத் துணைக்கருவி கலைக்கப்படாமல் தொழிற்சாலையிலேயே இருந்தது நல்லதாய்ப் போயிற்று. அதை மீண்டும் அளந்தார்கள். ஹப்பிள் அனுப்பிய மங்கலான நட்சத்திரப் படங்களிலிருந்தும் கணக்கிட்டார்கள். வளைவைக் குறிக்கும் கூம்பு மாறிலி, வடிவமைப்பில் -1.0023, உண்மையான ஆடியில் -1.0139. இந்தப் புதிய எண்ணைக் கணக்கில் ஏற்றி, அதற்கு நேர் எதிரான பிழை கொண்ட, நாணய அளவுச் சிறு ஆடிகளைச் செய்தார்கள். 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் அவற்றைப் பொருத்தினார்கள். படங்கள் தெளிந்தன. கூட்டல், கழித்தல் குறி மட்டும் மாறியிருந்தால், மங்கல் இரட்டிப்பாகியிருக்கும்.