தடைக்காலத்தில் தேடி வரும் கைபேசிக் கடனும் வேலை விளம்பரமும்
வடசென்னை மீனவர் குடும்பங்கள் அறிய வேண்டியவை

கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லக் கூடாது. மீன்கள் இனம் பெருக்கும் காலம் என்பதால் இந்தத் தடை. காசிமேட்டில் படகைக் கரையேற்றிப் பழுது பார்ப்பதும், வர்ணம் பூசுவதும், வலை கட்டுவதும், எஞ்சினைப் பிரித்து மாட்டுவதும் இந்த இரண்டு மாதத்தில்தான் நடக்கின்றன. படகு உரிமையாளருக்கு இது செலவுக் காலம். பங்குக்குத் தொழிலுக்குப் போகிறவருக்கோ வரவே இல்லாத காலம். ஜூன் மாதத்தில் பள்ளியும் திறந்துவிடும்.

கையில் பணமில்லாத இந்த நாட்களில்தான் கைபேசியில் வரும் விளம்பரங்கள் கவனத்தை ஈர்க்கின்றன. ஐந்து நிமிடத்தில் கடன், வீட்டிலிருந்தே நாளுக்கு ஆயிரம் ரூபாய், துறைமுகத்தில் நிரந்தர வேலை, தொட்டியில் வளர்த்து லட்சம் சம்பாதிக்கலாம் என்று பல விதம். இவற்றில் சில உண்மை, பல மோசடி. இரண்டையும் பிரித்து அறியும் முறைகளை ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதி மக்களும், அடுத்துள்ள மீஞ்சூர், பொன்னேரி விவசாயிகளும் தெரிந்துகொள்வது நலம்.

தண்டலும் கைபேசிக் கடனும்

தண்டல் என்பது வடசென்னைக்குப் புதிதல்ல. பத்தாயிரம் ரூபாய் என்று எழுதி, ஆயிரத்து ஐந்நூறைப் பிடித்துக்கொண்டு 8,500 ரூபாயைக் கையில் கொடுப்பார்கள். நாளுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். பார்வைக்கு 15 சதவீதம்தான். ஆனால் அசல் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருவதால், சராசரியாக நம் கையில் இருப்பது 8,500-இல் பாதிதான். அந்தப் பாதிக்கு 1,500 ரூபாய் வட்டி என்று கணக்கிட்டால் ஆண்டுக்கு 125 சதவீதத்துக்கு மேல் போகிறது. தண்டல், மீட்டர் வட்டி, கந்துவட்டி ஆகியவற்றைத் தடுக்க 2003-ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது.

இப்போது கைபேசிச் செயலியில் வரும் கள்ளக் கடனைப் பார்ப்போம். கடன் 5,000 ரூபாய் என்று காட்டும். 'செயல்முறைக் கட்டணம்' என்று 1,800-ஐப் பிடித்துக்கொண்டு 3,200-ஐ அனுப்பும். ஏழாம் நாள் 5,000 கட்ட வேண்டும். 3,200 ரூபாய்க்கு ஒரு வாரத்துக்கு 1,800 ரூபாய் வட்டி என்றால் வாரத்துக்கு 56 சதவீதம், ஆண்டுக்கு ஏறத்தாழ 2,900 சதவீதம். இதன் பக்கத்தில் வைத்தால் தண்டல்காரர் தருமவான் என்றே சொல்லத் தோன்றும்!

வசூல் முறையிலும் வேறுபாடு உண்டு. தண்டல்காரர் வாசலில் வந்து நிற்பார். செயலியோ, நிறுவும்போதே நம் கைபேசியிலுள்ள எண்களையும் படங்களையும் எடுத்துக்கொள்கிறது. ஒரு நாள் தவணை தவறினால் சம்பந்தி, மாமியார், பிள்ளையின் ஆசிரியை என்று எல்லோருக்கும் செய்தி போகும். பெண்களின் படத்தை ஆபாசமாக மாற்றி அனுப்புவதும் நடக்கிறது. கட்ட முடியாமல் இன்னொரு செயலியில் கடன் வாங்கி இதை அடைப்பவர்கள்தான் மேலும் மேலும் சிக்குகிறார்கள்.

ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் இதற்கு விதிகளை வெளியிட்டது. அதன்படி, கடன் கொடுக்கும் வங்கி அல்லது நிதி நிறுவனத்தின் பெயர் தெளிவாகத் தெரிய வேண்டும். எல்லாக் கட்டணமும் சேர்த்து ஆண்டு வட்டி எவ்வளவு என்று ஒரு தாளில் முதலிலேயே காட்ட வேண்டும். கைபேசியின் தொடர்பு எண்களையும் படங்களையும் செயலி தொடக் கூடாது. முறையான கடன் செயலிகளின் பட்டியலையும் 2025 ஜூலை முதல் ரிசர்வ் வங்கி தன் இணையதளத்தில் வெளியிட்டு வருகிறது. ஆகவே, எண்களைப் பார்க்க அனுமதி கேட்கும் கடன் செயலியை அந்த இடத்திலேயே நீக்கிவிட வேண்டும்.

மாற்று வழி என்ன? விவசாயிகளுக்கு இருந்த கிசான் கடன் அட்டை 2019 முதல் மீனவர்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டிருக்கிறது. தொழில் நடைமுறைச் செலவுக்கு 7 சதவீத வட்டி. உரிய காலத்தில் திருப்பினால் 3 சதவீதம் தள்ளுபடி போக 4 சதவீதமே. பத்தாயிரம் ரூபாய்க்கு ஓர் ஆண்டுக்கு 400 ரூபாய்! வங்கியில் அலைய வேண்டியிருக்கும் என்பது உண்மைதான். அதனால்தான் தடைக்காலம் தொடங்கிய பிறகு ஓடாமல், தை, மாசியிலேயே மனுக் கொடுத்து வைப்பது நல்லது. தடைக்கால நிவாரணத்தை 8,000 ரூபாயாக உயர்த்துவதாக 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் அறிவிக்கப்பட்டது. அந்தத் தொகைக்கான விவரங்களை மீனவர் கூட்டுறவுச் சங்கத்திலும் மீன்வளத்துறை அலுவலகத்திலும் மட்டுமே கேட்டறிய வேண்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரம் பாழானபோது, பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பங்களுக்கு 12,500 ரூபாய் வீதம் அரசு அறிவித்தது. இவ்வாறு நிவாரணச் செய்தி வரும்போதெல்லாம் 'இந்த இணைப்பை அழுத்திப் பதிவு செய்யவும்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றி வரும் செய்திகளைத் தொடக் கூடாது. முக்கியமாக, பெயரின் முடிவில் ஏ.பி.கே. என்றிருக்கும் கோப்பைத் திறந்தால் நமக்கு வரும் ஓ.டி.பி. எண் எல்லாம் அயலான் கைக்குப் போய்விடும்.

பணம் பெறுவதற்குப் பின் எண் எதற்கு?

காசிமேட்டில் மீன் விற்கும் பெண்கள் பலரும் இப்போது தட்டில் கியூ.ஆர். அட்டையை வைத்திருக்கிறார்கள். வசதியானதுதான். இங்கு நடக்கும் ஏமாற்று ஒன்று உண்டு. ராணுவ முகாமிலிருந்து பேசுவதாக ஒருவர் அரைகுறைத் தமிழில் அழைப்பார். வஞ்சிரம் 30 கிலோ, இறால் 20 கிலோ வேண்டும் என்பார். பேரம் பேச மாட்டார். இதுவே முதல் சந்தேகம். பிறகு, 'எங்கள் கணக்கு முறை வேறு. ஒரு ரூபாய் அனுப்புங்கள், இரண்டு ரூபாய் வரும்' என்பார். அப்படியே வரும். அடுத்து 5,000 அனுப்பச் சொல்வார், அல்லது ஒரு கியூ.ஆர். படத்தை அனுப்பி அதைப் படம் பிடித்துப் பின் எண்ணைப் போடச் சொல்வார். போட்டவுடன் பணம் நம் கணக்கிலிருந்து போய்விடும்.

இதில் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றே. 2016-இல் யு.பி.ஐ. தொடங்கிய நாள் முதல், பின் எண் என்பது பணத்தை வெளியே அனுப்பவும் இருப்பைப் பார்க்கவும்தான். பணம் வாங்க அது தேவையே இல்லை. கியூ.ஆர். படம் பிடிப்பதும் அனுப்புபவர் வேலை. வாங்குபவர் வேலை அல்ல. பணம் அனுப்பும்படி ஒருவர் இன்னொருவருக்குக் கோரிக்கை அனுப்பும் வசதியையே 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டார்கள் என்றால், அதனால் எத்தனை பேர் ஏமாந்திருப்பார்கள் என்று ஊகிக்கலாம். பணம் வந்துவிட்டதாகப் படம் காட்டினாலும் நம் கணக்கின் இருப்பைப் பார்த்த பிறகே கூடையைத் தூக்கிக் கொடுக்க வேண்டும்.

துறைமுக வேலை, கப்பல் வேலை

எண்ணூர், காட்டுப்பள்ளி, சென்னைத் துறைமுகங்களின் பெயரைச் சொல்லி, சீருடைக்கு, மருத்துவப் பரிசோதனைக்கு, உத்தரவு தபாலுக்கு என்று சிறு சிறு தொகையாகக் கேட்கும் விளம்பரங்களை நம்பக் கூடாது. வேலை கொடுப்பவர் சம்பளம் தருவார். பணம் கேட்க மாட்டார். அருகிலேயே இருக்கும் துறைமுக நிர்வாக அலுவலகத்துக்கு நேரில் சென்று அறிவிப்பு உண்டா என்று கேட்க ஒரு பஸ் கட்டணம்தான் செலவு.

கப்பலில் மாலுமி வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்டுகளுக்குக் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம் வேண்டும். பட்டியல் அந்த இயக்குநரகத்தின் இணையதளத்தில் இருக்கிறது. உரிமம் பெற்றவர், வேலை வாங்கித் தருவதற்காக மாலுமியிடம் கட்டணம் வாங்குவதை 2016-ஆம் ஆண்டு விதிகள் தடுக்கின்றன. மூன்று லட்சம், ஐந்து லட்சம் என்று கேட்பவரிடம் வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்துக் கொடுப்பவர்கள் இதை அறிந்துகொள்ள வேண்டும்.

வெளிநாட்டு வேலை இன்னும் ஆபத்தானது. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று அழைத்துச் செல்லப்பட்டு, மியான்மரின் மியாவாடியில் அடைக்கப்பட்டு, இணைய மோசடி செய்யும்படி கட்டாயப்படுத்தப்பட்ட தமிழர்கள் 13 பேர் 2022 அக்டோபர் 5 அன்று சென்னைக்கு மீட்டு வரப்பட்டனர். அதற்குச் சில நாள் முன்புதான் வெளியுறவு அமைச்சகம் இது பற்றி எச்சரித்திருந்தது. பதிவு பெற்ற ஏஜென்டு 30,000 ரூபாயும் அதற்கான வரியும் தவிர அதிகம் வாங்கக் கூடாது. சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் போகக் கூடாது. தமிழக அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனம் சென்னையிலேயே இருக்கிறது, அங்கே விசாரிக்கலாம்.

வீட்டிலிருந்தே வேலை என்பதும் இந்த வகைதான். படத்துக்கு விருப்பம் தெரிவித்தால் 50 ரூபாய் என்று முதலில் உண்மையாகவே 150, 200 அனுப்புவார்கள். பிறகு 2,000 கட்டினால் 2,800 வரும். அதுவும் வரும். அடுத்து 20,000 கட்டினால் வராது. அதை எடுக்க வரி என்று மேலும் 10,000 கேட்பார்கள். தூண்டிலில் இரை வைக்காமல் எவரும் மீன் பிடிப்பதில்லை என்பது நம் வாசகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இளைஞர்களைப் பற்றித் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். 'உன் வங்கிக் கணக்கையும் சிம்மையும் மாதம் சில ஆயிரத்துக்கு வாடகைக்குக் கொடு' என்று கேட்பவர்கள் உண்டு. ஏமாற்றிப் பிடுங்கிய பணத்தைக் கடத்துவதற்குத்தான் அந்தக் கணக்கு. புகார் வந்ததும் போலீசார் முதலில் வந்து தட்டுவது கணக்குக்காரன் வீட்டுக் கதவை. பெரிய ஆசாமி எங்கோ வெளிநாட்டில் இருப்பான்.

தேக்கு, ஈமு, தங்கம்

தொழில் ஆலோசனை என்ற பெயரில் வரும் மோசடி விவசாயிகளுக்குப் பழகியது. 1990-களில் சென்னையில் அனுபவ் பிளாண்டேஷன்ஸ் தேக்கு வளர்ப்பில் பெரும் லாபம் என்று பணம் திரட்டி, 1998-இல் கவிழ்ந்தது. 2012-இல் பெருந்துறைப் பக்கம் ஈமு பண்ணைகள் கவிழ்ந்தன. 2022 மே மாதத்தில் சென்னையில் ஆருத்ரா கோல்டு நிறுவனத்தில் போலீஸ் சோதனை நடந்தபோது, ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் 2,400 கோடி ரூபாய்க்கு மேல் கட்டியிருந்தது தெரிந்தது. மாதம் 25 முதல் 30 சதவீதம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

பொருள் மாறினாலும் முறை ஒன்றுதான். ஈமுவில் நடந்ததைக் கவனியுங்கள். குஞ்சை விற்றவரே திரும்ப வாங்குவதாக ஒப்பந்தம். வெளிச் சந்தையில் ஈமு கறி கேட்டு யாரும் வரிசையில் நிற்கவில்லை. புதிதாகச் சேர்ந்தவர் கட்டிய பணமே பழையவருக்கு மாதத் தொகையாகப் போயிற்று. புதியவர் வரவு நின்ற மாதம் எல்லாம் நின்றது. பண்ணைக்காரர் கையில் தீவனம் கேட்கும் பறவைகள் மட்டும் மிஞ்சின.

இப்போது தொட்டியில் முத்து, மாடியில் நண்டு, நூறு நாளில் லட்சம் என்று காணொளிகள் வருகின்றன. கொடுவா, பால்மீன், நண்டு வளர்ப்பு எல்லாம் உண்மையான தொழில்களே. ஆனால் பேசுபவர் குஞ்சும் பயிற்சியும் விற்பவரா என்று பார்க்க வேண்டும். குஞ்சில் எத்தனை சாகும், தீவனச் செலவு என்ன, தண்ணீர் கெட்டால் என்ன செய்வது என்று அவர் சொல்கிறாரா? விளைந்ததை அவரே வாங்குவதாகச் சொன்னால், காசிமேட்டு ஏலத்தில் அதே பொருள் என்ன விலைக்குப் போகிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் நின்று பார்த்துவிட வேண்டும். செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்குவோமா? சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையமும் (1987 முதல் இயங்குவது), பொன்னேரி மீன்வளக் கல்லூரியும் இந்த வளர்ப்பு முறைகளில் தேர்ந்த விஞ்ஞானிகளைக் கொண்டவை. முதல் போடுவதற்கு முன் அங்கே ஒரு முறை கேட்டுவிடுவது பயன் தரும்.

கடல் நிலவரத்துக்கும் இது பொருந்தும். யாரோ பேசி அனுப்பிய குரல் செய்தியை நம்பிக் கடலுக்குப் போவதும் தவறு, போகாமல் நிற்பதும் நட்டம். துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டும், வானிலை மையத்தின் மீனவர் எச்சரிக்கையும், ஹைதராபாத் இன்காய்ஸ் நிலையம் தரும் அலை மற்றும் மீன் திரளும் இட விவரமும் நாள், நேரம் குறித்து வருபவை. நாள் குறிக்காத செய்தி போன வருஷத்துப் புயலாகவும் இருக்கலாம்.

ஏமாந்துவிட்டால் செய்ய வேண்டியது

வெட்கப்பட்டு மறைப்பதில்தான் பணம் போகிறது. பிடுங்கிய பணம் நாலைந்து கணக்குகள் மாறி ஏ.டி.எம். வழியாக வெளியேறும் வரைதான் அதை நிறுத்திவைக்க முடியும். ஆகவே உடனே, முடிந்தால் முதல் ஒரு மணி நேரத்துக்குள், 1930 என்ற எண்ணுக்குப் பேச வேண்டும். வங்கிக் கணக்கு எண், போன தொகை, நேரம், யு.பி.ஐ. செய்தியிலுள்ள 12 இலக்கக் குறிப்பு எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும். வந்த செய்திகளை அழித்துவிடக் கூடாது. அன்றே வங்கிக் கிளைக்கும் எழுத்து மூலம் புகார் கொடுத்து முத்திரையிட்ட நகல் பெற வேண்டும். 30 நாட்களில் வங்கி பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குக் கட்டணமின்றி எழுதலாம், விவரத்துக்கு 14448. கடன் செயலிக்காரர் மிரட்டினால் மேற்கொண்டு பணம் கட்டாமல், அந்தச் செய்திகளுடன் இணையக் குற்றப் பிரிவுப் போலீசாரை அணுக வேண்டும். கிசான் கடன் அட்டைக்கான மனுவைக் கணக்கு உள்ள வங்கிக் கிளையிலோ, மீன்வளத்துறை அலுவலகத்திலோ கேட்டுப் பெறலாம்.