மதுபோதையும் வாகனச் சாரதியும்

மது அருந்தியவர் தெருவில் நடந்து சென்றால், நேரும் தீங்கு பெரும்பாலும் அவரையே சாரும். அவர் வாகனம் ஒன்றைச் செலுத்தப் புகுந்தாலோ, அத்தீங்கு வழியிற் செல்லும் பிறரைச் சாரும். இவ்வேறுபாட்டை இங்கிலாந்தின் சட்டம் மோட்டார் வாகனம் தோன்றுமுன்னரே உணர்ந்திருந்தது. 1872ஆம் ஆண்டில் அங்கே நிறைவேறிய மதுவிற்பனைச் சட்டத்தின்படி, பொதுவீதியில் வெறித்திருந்தவருக்கு முதன்முறை 10 சிலிங்குக்கு மேற்படாத தண்டம். பன்னிரண்டு மாதத்துள் மீண்டும் குற்றவாளியானால் 20 சிலிங். மூன்றாம் முறை 40 சிலிங். ஆயின், வண்டியையோ குதிரையையோ நீராவி எந்திரத்தையோ தம் பொறுப்பில் வைத்துக்கொண்டு வெறித்திருந்தவருக்கு முதன்முறையிலேயே 40 சிலிங் தண்டமோ ஒரு மாதச் சிறையோ விதிக்க இடமிருந்தது.

மோட்டார் வாகனம் பெருகியபின் ஒரு சங்கடம் எழுந்தது. சாரதி வெறித்திருந்தாரா என்பதை எவ்வாறு துணிவது? ஒருவர் நேர்கோட்டில் நடந்து காட்டினார் என்பார். வைத்தியர் ஒருவர் அவரது நா குழறியது என்பார். இவ்வையத்தைத் தீர்த்தது 1967ஆம் ஆண்டின் வீதிப் பாதுகாப்புச் சட்டம். பார்பரா காசில் அம்மையார் போக்குவரத்து அமைச்சராயிருந்த காலத்தில், அவ்வாண்டு ஒக்டோபர் 9ஆம் தேதி அது நடைமுறைக்கு வந்தது. 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராமுக்கு மேல் மதுசாரம் இருப்பின், தள்ளாடினாலும் தள்ளாடாவிட்டாலும் அது குற்றமாயிற்று. 1966இல் பிரித்தானிய வீதிகளில் மாண்டோர் ஏறத்தாழ 8,000 பேர். 1968இல் அத்தொகை 7,000க்குக் கீழே இறங்கியது. அதற்கு இச்சட்டமும் ஒரு காரணம் எனக் கருதப்படுகிறது. ஸ்கொத்லாந்து 2014 டிசம்பரில் இவ்வெல்லையை 50 மில்லிகிராமாகக் குறைத்துக்கொண்டது.

முதன்முறை இவ்வெல்லையை மீறி வாகனம் செலுத்திக் குற்றவாளியாகும் சாரதி, குறைந்தது 12 மாதங்களுக்கு வாகனம் செலுத்தும் உரிமையை இழப்பார். அதனுடன் தண்டமும், ஆறு மாதம் வரையிலான சிறையும் விதிக்கப்படலாம். தீர்ப்புப் பெற்ற நாளிலிருந்து பத்தாண்டுகளுக்குள் அதே குற்றத்தை மீண்டும் புரிந்தால், உரிமை இழக்கும் காலம் குறைந்தது மூன்றாண்டுகளாகும். சிறைத் தண்டனையின் உச்ச எல்லை மாறுவதில்லை. ஆயினும் முன்னைய குற்றத்தைப் பாரதூரமானதாக எண்ணித் தண்டனையைக் கூட்டுவது நீதிமன்றத்தின் கடமை. தடையுள்ள காலத்தில் வாகனம் செலுத்தினால் அது தனிக் குற்றம். அதற்கும் சிறை உண்டு.

“உத்தியோகம் போய்விடும், குடும்பம் பட்டினி கிடக்கும்” என்று சாரதி முறையிட்டால் தடை நீங்குமா? நீங்காது. குற்றத்தோடு தொடர்புடைய சிறப்புக் காரணமே செல்லும். குற்றவாளியின் சொந்தக் கஷ்டம் செல்லாது என்பது அந்நாட்டு நீதிமன்றங்களின் நெடுநாளைய கொள்கை. ஒருவருடைய பானத்தில் அவர் அறியாமலே பிறரொருவர் மதுவைக் கலந்துவிட்டார் எனின், அது கேட்கத்தக்க காரணம். இவ்விதி சாரதித் தொழிலால் வாழ்வோரை ஏனையோரிலும் கடுமையாகத் தாக்குகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் நாள் முழுதும் வீதியில் இருப்பவரும் அவரே என்பதைச் சட்டம் மறவாது.

தண்டனையினால் மட்டும் இக்குற்றம் ஒழியுமா என்ற கேள்வியும் உண்டு. ஒருமுறை அகப்பட்டு, வெட்கமும் இழப்பும் உற்றபின்னரும் ஒருவர் மீண்டும் அவ்வாறே செய்தாராயின், அது கவலையீனமாகவும் இருக்கலாம். மதுவுக்கு அடிமைப்பட்ட நோயாகவும் இருக்கலாம். ஆகவே, பத்தாண்டுகளுள் இருமுறை தண்டிக்கப்பட்டோரைப் ‘பேரபாயமுடைய குற்றவாளிகள்’ என வகுத்து, தடைக்காலம் முடிந்தாலும் வைத்தியப் பரிசோதனையில் தேறிய பின்னரே அநுமதிப்பத்திரம் வழங்குவர். இரத்தத்தில் 200 மில்லிகிராம் அளவோ அதற்கு மேலோ மதுசாரம் காணப்பட்டவரும், சோதனைக்கு இரத்தமோ மூச்சோ கொடுக்க மறுத்தவரும் முதன்முறையிலேயே இவ்வகையில் அடங்குவர். மதுவின் தீங்கைக் கற்பிக்கும் வகுப்பொன்றில் சேர நீதிமன்றம் இடமளித்து, சாரதி அதனை நிறைவு செய்தால், தடைக்காலத்தில் காற்பங்கு வரை குறையும். இவ்வாறு நீதவான், வைத்தியர், ஆசிரியர் ஆகிய மூவரிடமும் சட்டம் இப்பணியைப் பகிர்ந்து கொடுத்திருக்கிறது.

எனினும், ‘முதன்முறை’, ‘இரண்டாம் முறை’ என்னும் கணக்குக்கு இடமில்லாத நிலையொன்று உண்டு. எல்லை மீறி மது அருந்தியவர் கவனமின்றி வாகனம் செலுத்தி ஓர் உயிரைப் போக்கினால், 1991ஆம் ஆண்டின் சட்டம் அதிகபட்சம் ஐந்தாண்டுச் சிறையையே வகுத்தது. அது படிப்படியாகப் பத்தும் பதினான்குமாக உயர்ந்து, 2022 ஜூன் 28 முதல் ஆயுட்சிறை வரை விதிக்கத்தக்கதாயிற்று. முதன்முறை பொலிஸாரிடம் அகப்பட்டவருக்குத் திருந்துவதற்குக் காலம் கிடைக்கிறது. அவரது வாகனத்தில் முதன்முறையே அடிபட்டு இறந்தவருக்கு அக்காலம் கிடைப்பதில்லை. மது அருந்தியபின் வாகனத்தின் சாவியை வேறொருவர் கையிற் கொடுத்துவிடும் சாரதிக்கு இச்சட்டங்களுள் ஒன்றேனும் தேவைப்படுவதில்லை.