கோழிக் கூண்டும் காட்டுப் பிராணிகளும்

நாமக்கல் ஜில்லாவின் சமவெளியில் முட்டைக்கோழிகள் பெருங்கொட்டகைகளில் வளர்கின்றன. அதே ஜில்லாவைச் சேர்ந்த கொல்லிமலையிலோ நாட்டுக்கோழிகள் வீட்டு முற்றத்திலும் காப்பித் தோட்டத்திலும் மேய்கின்றன. அவசரச் செலவுக்கு அவையே கைமுதல். ஒரே இரவில் நாலைந்து கோழிகள் மாண்டால் அந்நஷ்டம் சிறியதன்று.

முதலாவதாக, வந்தது எது என்று அறிதல் வேண்டும். கூரையைப் பிரித்து இரவில் இறங்குவது பெரும்பாலும் மரநாய். அருகில் கிடக்கும் அதன் எச்சத்தில் காப்பிக் கொட்டைகள் காணப்படுவதுண்டு. புனுகுப்பூனை தரைவழியே இரவில் வரும். கீரி பகலில் வந்து குஞ்சுகளைக் கவ்விச் செல்லும். அது தின்ற முட்டையின் ஓடு சிதறிக் கிடக்கும். முட்டை ஓட்டோடு மறைந்தால் பாம்பை நினைக்க வேண்டும். ஆகையால் இருட்டில் கூண்டுக்குள் கைவிடலாகாது. காயமின்றிப் பல கோழிகள் மாண்டிருந்தால் குற்றவாளி பிராணியன்று, நோயாயிருக்கலாம். அப்போது கால்நடை மருத்துவரை அணுகுவதே முறை. இராணிக்கட்டு நோய்க்குத் தடுப்பூசி உண்டு.

இனி, கூண்டைப் பற்றிக் கவனிப்போம். தரையிலிருந்து 3 அடி உயரத்தில் கால்கள் நட்டு, ஒவ்வொரு காலிலும் வழவழப்பான தகரத்தைச் சுற்றினால் ஏறும் பிராணிகளுக்குப் பிடி கிடைக்காது. பக்கங்களுக்கு அரை அங்குலக் கண்ணுள்ள கெட்டிக் கம்பிவலை உத்தமம். கோழிவலை என்று விற்கப்படும் அகலக் கண் வலை கோழியை உள்ளே நிறுத்துமேயன்றி, எலியையும் பாம்பையும் வெளியே நிறுத்தாது. தரையிலேயே கூண்டு வைப்போர் வலையை ஓரடி ஆழம் புதைத்து, மேலே கல் அடுக்குதல் நலம். ஓலைக் கூரைக்கு அடியிலும் வலை வேண்டும். கூரையின்மேல் சாயும் பலா, சில்வர் ஓக் கிளைகளை வெட்டிவிட வேண்டும். கதவுக்குத் தாழ் இரண்டு இருக்கட்டும்.

கூண்டு எவ்வளவு உறுதியாயினும் பழக்கம் தவறினால் பயனில்லை. பொழுது சாயுமுன் கோழிகளை எண்ணி அடைத்தல், முட்டைகளை நாளுக்கு இருமுறை எடுத்தல், தீனியை இரவில் சிதறவிடாமை ஆகியவை அவசியம். சிதறிய தானியத்தை நாடி எலி வரும். எலியை நாடிப் பாம்பு வரும்.

சிலர் கோபத்தால் விஷம் வைக்கவும், சுருக்குக் கம்பி கட்டவும், மின்சாரம் பாய்ச்சவும் துணிகின்றனர். விஷம் வீட்டு நாயையும் ஆந்தையையும் கொல்லும். மின்கம்பி குழந்தையின் உயிரையே பறிக்கும். அன்றியும், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மரநாய், கீரி முதலியவற்றைக் கொல்வதும் பொறிவைத்துப் பிடிப்பதும் குற்றமாகும். இப்பிராணிகளே வயலிலும் தோட்டத்திலும் எலிகளைத் தின்று குடியானவனுக்கு உதவுகின்றன என்பதும் மறக்கத்தக்கதன்று.

பிராணி கூண்டுக்குள் அகப்பட்டுக்கொண்டால் கதவைத் திறந்துவிட்டு விலகி நிற்க வேண்டும். பாம்பாயின் வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். கிராம அதிகாரிகள் இதனை ஊர்க்கூட்டங்களில் எடுத்துச் சொல்வார்களானால் கோழியும் பிழைக்கும், குடியானவனும் வழக்கில் சிக்கான். காட்டை ஒட்டி வாழ்வோருக்குப் பிராணியின் வருகையைத் தடுக்க இயலாது. கூண்டுக்குள் நுழைவதைத் தடுக்க இயலும்.